விமான மாடல் கிட்டில் கம்பெனி பெயரை எவ்வளவு நம்பலாம்?

கொடுங்கையூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 2024 அக்டோபரில் மெரினாவில் நடந்த விமானப்படைக் காட்சியைப் பார்த்ததிலிருந்து அவருக்கு விமானத்தின் மேல் தீராத ஆசை. மிக்-21 ஓய்வு பெற்ற செய்தி வந்ததும், மாடலாகவாவது வீட்டில் ஒன்று நிற்கட்டும் என்று 1/72 அளவில், அதாவது நிஜத்தில் 72இல் ஒரு பங்காக, பாகங்களை ஒட்டிக் கட்டும் ஒரு கிட் வாங்கியிருக்கிறார். விலை 2,800 ரூபாய். பெட்டியில் எல்லோருக்கும் தெரிந்த பெயர். திறந்து பார்த்தால் இறக்கை ஓரத்தில் ஜவ்வு மாதிரி பிளாஸ்டிக் நீண்டிருக்கிறது, விமானி உட்காரும் இடத்துக் கண்ணாடிக் கூண்டில் விரிசல், உடலின் இரண்டு பாதியும் ஒன்றோடொன்று உட்காரவில்லை. “பெரிய கம்பெனியே இப்படி என்றால் யாரை நம்பி வாங்குவது அண்ணா?” என்கிறார்.

நான் வியாசர்பாடியில் இன்ஜெக்‌ஷன் மோல்டிங், அதாவது உருகிய பிளாஸ்டிக்கை அச்சில் பாய்ச்சி வார்க்கும் பட்டறைகளில் 27 வருடம் வேலை பார்த்தவன். மெஷின் ஓட்டியிருக்கிறேன், டை என்கிற அச்சை மாட்டியிருக்கிறேன், கடைசிப் பத்து வருடம் குவாலிட்டி மேஜையில் வெர்னியர் என்ற அளவுகோலும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன். மாடல் கட்டும் பழக்கம் அதற்கும் முந்தியது. 1991இல் பர்மா பஜாரில் வாங்கிய ஒரு பெட்டியில் ஆரம்பித்தது, இன்றுவரை விடவில்லை. அதனால் வாங்குகிறவன் பக்கம் நின்றும் சொல்ல முடியும், ஊற்றுகிறவன் பக்கம் நின்றும் சொல்ல முடியும்.

பெட்டி மேல் இருக்கும் பெயர் பாதிச் செய்திதான். அந்த டையை வெட்டியது யார், எந்த வருடம் வெட்டியது, உங்கள் கைக்கு வந்ததை எங்கே ஊற்றினார்கள் என்பது மீதிப் பாதி. இதற்கெல்லாம் மேலே, தப்பு நடந்த பிறகு அந்தக் கம்பெனி என்ன செய்தது என்று ஒன்று இருக்கிறது. நான் ஒரு கம்பெனியை மதிப்பதும் விடுவதும் அதை வைத்துத்தான்.

முதலில் உங்கள் மூன்று குறையையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். மூன்றும் மூன்று இடத்தில் பிறந்தவை. எல்லாவற்றையும் சேர்த்து “குவாலிட்டி மோசம்” என்று சொன்னால் எங்கே கோளாறு என்று தெரியாமலே போய்விடும்.

இறக்கை ஓரத்து ஜவ்வுக்கு எங்கள் பட்டறையில் ஃப்ளாஷ் என்று பெயர். டை என்பது இரண்டு கட்டை. மாடல் கிட் என்றால் பெரும்பாலும் எஃகு. இரண்டும் மூடிக்கொண்ட பிறகு, 200 டிகிரிக்கு மேல் சூடாகி உருகிய பாலிஸ்டைரீன் பயங்கர அழுத்தத்தில் உள்ளே பாய்கிறது. இரண்டு கட்டையும் முகத்தோடு முகம் சேரும் கோட்டில் ஒரு மயிரிழை இடைவெளி இருந்தால் போதும், அந்த வழியாகக் கசிந்து சவ்வாக உறைந்துவிடும். டை பல வருடம் ஓடித் தேய்ந்திருந்தால் இது வரும். டை புதிதாக இருந்து மெஷினின் பூட்டும் பலம் போதாவிட்டாலும் வரும். ஒரே ஓரத்தில் மட்டும் ஃப்ளாஷ் என்றால் டையில் அந்த இடம் அடிபட்டிருக்கலாம். பாகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் சட்டம் முழுக்க, சின்னச் சின்னப் பாகத்தைச் சுற்றியும் இருந்தால் டைக்கு வயதாகிவிட்டது என்று தைரியமாகச் சொல்வேன். நல்ல செய்தி என்னவென்றால் ஃப்ளாஷ் ஒரு பிளேடும் பத்து நிமிடமும் கேட்கிற வேலை. அதற்காக ஒரு கிட்டைத் தூக்கிப் போட வேண்டாம்.

கண்ணாடி விஷயத்துக்கு வாருங்கள். விரிசல் என்று முடிவு கட்டும் முன் அதை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து, கோட்டின் மேல் விரல் நகத்தைக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் தட்டினால் விரிசல். தட்டாமல் வழுக்கிப் போனால் அது உருகிய பிளாஸ்டிக் இரண்டு பக்கமாகச் சுற்றி வந்து சேர்ந்த இடம். டைக்குள்ளேயே விழுந்த கோடு. உண்மையான விரிசல் என்றால் அனேகமாக வழியில் நடந்தது. தெளிவான பாலிஸ்டைரீன் கிட்டத்தட்ட கண்ணாடியைப் போலவே நொறுங்கும். அதைத் தனிப் பையில் போடாமல் மற்றச் சட்டங்களோடு சேர்த்து அடைத்தால், கூரியர் வண்டி எண்ணூர் நெடுஞ்சாலைப் பள்ளத்தில் இறங்கி ஏறுவதற்குள் கதை முடிந்துவிடும். டை வெட்டினவன் மேல் இதில் தப்பில்லை. பேக்கிங்கில் ஐம்பது காசு மிச்சம் பிடித்தவன் மேல்தான் தப்பு.

மூன்றாவது, உடல் பாதிகள் சேராதது. இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். கிட்டின் தரம் கெடுகிற இடம் பெரும்பாலும் இதுதான், வெளியில் இதைப் பற்றிப் பேசுகிறவர்களும் குறைவு.

பாலிஸ்டைரீன் ஆறும்போது சுருங்கும். நூற்றுக்கு 0.4 முதல் 0.7 வரை. 150 மில்லிமீட்டர் நீள உடல் பாகம் என்றால் 0.6 முதல் 1 மில்லிமீட்டர் வரை குறையும். டை வெட்டுகிறவர் இதைக் கணக்குப் போட்டுத்தான் சற்றுப் பெரிதாக வெட்டுவார். ஆனால் எவ்வளவு சுருங்கும் என்பது டைக்குள் எத்தனை விநாடி ஆறியது, எவ்வளவு அழுத்தத்தில் பிடித்து வைத்தார்கள், டையின் சூடு சீராக இருந்ததா என்பதையெல்லாம் பொறுத்தது. அதாவது டை எவ்வளவு அருமையாக இருந்தாலும் மெஷின் முன்னால் நிற்கிறவர் கையில் அதைக் கெடுக்க முடியும்.

எங்கள் பட்டறையில் ஒருமுறை சுவிட்ச் பெட்டி மூடி ஓடிக்கொண்டிருந்தது. பீஸ் கணக்கில் கூலி. ஆர்டர் கொடுத்தவர் அவசரப்படுத்தினார். இரவு ஷிஃப்டில் ஆறும் நேரத்தை 18 விநாடியிலிருந்து 12 ஆகக் குறைத்துவிட்டார்கள். விடியற்காலையில் நான் வந்து கையில் எடுத்துப் பார்த்தபோது மூடி பளபளவென்று, ஒரு குறை சொல்ல முடியாமல் இருந்தது. கையெழுத்தும் போட்டுவிட்டேன். மறுநாள் அதே மூடியை சர்ஃபேஸ் பிளேட் என்ற மட்டமான பலகையில் வைத்தால் நடுவில் தூக்கிக்கொண்டு நிற்கிறது. இடைவெளி அளக்கும் அரை மில்லிமீட்டர் தகடு, ஃபீலர் கேஜ், தாராளமாக அடியில் நுழைந்தது. சூட்டோடு வெளியே தள்ளிய பாகம் பெட்டிக்குள் கிடந்து, தன் இஷ்டத்துக்கு வளைந்துகொண்டே ஆறியிருக்கிறது. 6,000 மூடியையும் கிரைண்டரில் போட்டு அரைத்தோம். அன்றிலிருந்து சூடாக இருக்கும் பீஸைப் பார்த்து நான் கையெழுத்துப் போட்டதில்லை. ஒரு நாள் ஆற வைத்து, பிறகுதான் அளப்பேன்.

விமான உடலின் பாதி எப்படி இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். நீளமானது, மெல்லியது, நெடுக்குவாக்கில் பிளந்த மூங்கில் மாதிரி. வளைவதற்கென்றே அமைந்த வடிவம். அவசரமாக வெளியே தள்ளினால் வளையாமல் என்ன செய்யும்? உங்கள் கிட்டில் நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். பாகத்தின் உட்புறத்தில் இருக்கும் வட்டத் தழும்புகளைப் பாருங்கள். பாகத்தை டையிலிருந்து தள்ளிவிடும் எஜெக்டர் பின் விட்ட அடையாளம் அது. தழும்பு ஆழமாகக் குழிந்து, அதன் வெளிப்புறம் லேசாக வெளுத்திருந்தால் ஆறுவதற்கு முன்னால் தள்ளியிருக்கிறார்கள். இது வரை ஏமாற்றாத அடையாளம்.

இதோடு சேர்த்து ஒரு மனக்குறையையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்துக் கம்பெனியான ஏர்ஃபிக்ஸின் கிட்கள் சில வருடம் இந்தியாவில் தயாராயின. பெட்டியிலேயே அச்சடித்திருந்தது. பிளாஸ்டிக் மெத்தென்று இருக்கிறது, நுணுக்கம் மழுங்கியிருக்கிறது என்று வெளிநாட்டில் நிறையப் பேர் குறைபட்டார்கள். நம்மவர்களும் அதையே வாங்கி, “இந்தியாவில் ஊற்றினால் அப்படித்தான்” என்று சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். மணலி புதுநகரில் பாலிஸ்டைரீன் தானா, அதாவது உருக்குவதற்கான பிளாஸ்டிக் மணிகள், தயாரிக்கும் ஆலையே இருக்கிறது. வியாசர்பாடியிலும் அம்பத்தூரிலும் கார் கம்பெனிகளுக்கு நூறில் ஒரு மில்லிமீட்டர் பார்த்து ஊற்றிக் கொடுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். ஊற்றுகிறவனுக்கு ஆறும் நேரத்தையும் நல்ல தானாவையும் கொடுத்து, முதல் பீஸை ஒழுங்காக அளந்து வாங்கினால் எந்த ஊரிலும் நல்ல பீஸ் வரும். அந்தக் கூலிக்கு, அந்த நேரத்துக்குள் என்று நெருக்கினால் எந்த ஊரிலும் வராது. தரம் என்பது வாங்குகிற கம்பெனி எதை ஏற்றுக்கொள்கிறதோ அதுதான். தேசத்தின் பெயரைச் சொல்லித் தப்பிக்க முடியாது.

இனி பெட்டிக்கும் டைக்கும் உள்ள உறவு. இந்தத் தொழிலில் டை ஊர் ஊராகப் போகும். இங்கிலாந்தில் ஃப்ராக் என்று ஒரு நல்ல கம்பெனி இருந்தது. 1970களில் அது மூடியபோது அதன் டைகளில் பெரும்பகுதி சோவியத் யூனியனுக்குப் போய், நோவோ என்ற பெயரில் வெளிவந்தது. பிறகு அதே டைகள் வேறு வேறு ஆலைகளில், வேறு வேறு பெட்டிகளில், கிடைத்த பிளாஸ்டிக்கில் ஊற்றப்பட்டன. அமெரிக்காவின் மோனோகிராமும் ரெவெல்லும் 1986இல் ஒன்றாயின. மேட்ச்பாக்ஸின் டைகளும் ரெவெல் கைக்கு வந்தன. ஆகவே இன்று ரெவெல் என்று எழுதிய பெட்டிக்குள் ரெவெல் புதிதாக வெட்டிய டையும் இருக்கலாம், பழைய மோனோகிராமும் மேட்ச்பாக்ஸும் இருக்கலாம், வேறொரு கம்பெனியிடம் வாங்கிப் பெட்டி மாற்றியதும் இருக்கலாம். படம் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி அழகாக இருக்கும். ஜப்பானின் டாமியாவே தன் 1/72 வரிசையில் இத்தாலியின் இட்டலேரி அச்சுகள் சிலவற்றைத் தன் பெட்டியில் போட்டு விற்றிருக்கிறது. டாமியா என்று நம்பி வாங்கினவர் உள்ளே இருப்பது வேறு கை வேலை என்று ஒட்டும்போதுதான் உணர்வார்.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு வழி. வாங்கும் முன் ஸ்கேல்மேட்ஸ் தளத்தில் கிட்டின் எண்ணைப் போட்டால் அந்த டை முதலில் எந்த வருடம் வந்தது, எத்தனை பெட்டி மாறியது என்று வரிசையாகக் காட்டும். வாங்கிய பிறகு என்றால் இறக்கையின் உட்புறத்தையோ உடலின் உட்புறத்தையோ பாருங்கள். பல கிட்களில் டை வெட்டிய கம்பெனியின் பெயரும் வருடமும் அங்கே பொறித்திருக்கும். பெட்டியில் ஒரு பெயரும் இறக்கைக்குள் இன்னொரு பெயரும் இருப்பதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். வழிகாட்டித் தாளில் இருக்கும் வருடத்தை நம்ப வேண்டாம். அது தாள் அச்சான வருடம்.

இந்த விஷயத்தில் ஏர்ஃபிக்ஸை மனதாரப் பாராட்டுவேன். அவர்களிடம் 1950, 60களில் வெட்டிய டைகளும் இருக்கின்றன, கணினியில் வரைந்து சமீபத்தில் வெட்டியவையும் இருக்கின்றன. பழையவற்றுக்கு ‘வின்டேஜ் கிளாசிக்ஸ்’ என்று தனி வரிசை போட்டு, பெட்டியிலேயே சொல்லிவிட்டார்கள். வாங்குகிறவன் தெரிந்தே வாங்குகிறான். மற்றவர்களும் இதைச் செய்தால் உங்களைப் போன்றவர்களுடைய பாதிக் கேள்வி எழவே எழாது.

அடுத்தது வடிவம். பாகங்கள் கத்தி போலக் கூர்மையாக, பொருத்தம் வெண்ணெய் மாதிரி இருந்தும், கட்டி முடித்தால் விமானத்தின் முகம் அதுவாக இல்லாமல் போகும் கிட்கள் உண்டு. இதற்கு மோல்டிங் மேல் பழி சொல்ல முடியாது, வரைந்தவரின் தப்பு. மிக்-21எம்எஃப் விமானத்தின் இறக்கை வீச்சு 7.154 மீட்டர். 72ஆல் வகுத்தால் 99.4 மில்லிமீட்டர். 48ஆல் வகுத்தால் 149. ஒரு பிளாஸ்டிக் வெர்னியர் இருந்தால் வீட்டிலேயே சோதித்துவிடலாம். 1/72இல் அரை மில்லிமீட்டர் பிசகு என்றால் நிஜ விமானத்தில் 36 மில்லிமீட்டர். அதைக் கண் பிடிக்காது, விட்டுவிடலாம். இரண்டு மில்லிமீட்டர் என்றால் யோசிக்க வேண்டும். நீள அகலத்தை விட மூக்கின் வளைவும் கண்ணாடிக் கூண்டின் சாய்வும் முக்கியம். முகம் தப்பினால் மற்ற எல்லா அளவும் சரியாக இருந்தும் பயனில்லை.

பெரிய பெயர்களும் இதில் சறுக்கியிருக்கின்றன. செக் நாட்டின் எடுவார்டு 2014இல் 1/48 அளவில் மெஸ்ஸர்ஷ்மிட் பிஎஃப் 109ஜி-6 வெளியிட்டது. உலகமே காத்திருந்த கிட். வாங்கியவர்கள் அளந்து பார்த்தால் 1/48க்கு இருக்க வேண்டியதை விட அது பெரியதாக இருந்தது. கம்பெனி மழுப்பவில்லை. தப்பை ஒத்துக்கொண்டு, புதிதாக டை வெட்டி, 2016இல் சரியான அளவில் வெளியிட்டது. டை வெட்டுவது எவ்வளவு செலவு பிடிக்கும் வேலை என்று பட்டறையில் இருந்தவனுக்குத்தான் தெரியும். நல்ல டையை எழுதித் தள்ளிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க முதலாளிக்கு நெஞ்சுரம் வேண்டும். எடுவார்டின் மேல் எனக்கு மரியாதை வந்தது அந்த 2016இல்தான். சீனாவின் டிரம்பெட்டரும் 1/32 வைல்டுகேட் கிட்டில் உடலின் வடிவம் தவறு என்று பலரும் சுட்டிக்காட்டிய பிறகு அந்தப் பாகத்தை மாற்றி வெட்டியது. டாமியாவின் 1990களைச் சேர்ந்த 1/48 ஸ்பிட்ஃபயர் பொருத்தத்தில் குறையில்லாதது, ஆனால் உடலின் அளவு சரியில்லை. 2018இல் முற்றிலும் புதிய டை வந்தது. இப்போது கடையில் இரண்டு பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் எதை எடுப்பது என்று உங்களுக்குத் தெரியும்.

கம்பெனிவாரியாக என் அபிப்பிராயம் கேட்டால்: டாமியா 1946இல் ஷிசுவோகாவில் மரம் அறுக்கும் தொழிலாகத் தொடங்கி, 1960இல் யமாட்டோ போர்க்கப்பலோடு பிளாஸ்டிக்குக்கு வந்த கம்பெனி. அவர்கள் சொந்த டை என்றால் முதல் கிட்டாகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். நிஜ விமானத்தில் தகடும் தகடும் சேரும் கோடு எங்கே ஓடுகிறதோ, அங்கேயே தங்கள் பாகமும் சேரும்படி பிரித்திருப்பார்கள். ஒட்டிய இடத்தைத் தேய்த்து மறைக்கும் வேலையே பாதி குறையும். ஹசேகாவாவும் அதே ஷிசுவோகா மாகாணம்தான். கோடுகள் மெல்லிசு, வடிவம் நம்பகம். ஒரே டையில் பல வகை விமானம் எடுப்பதற்காக உடலைத் துண்டு துண்டாகப் பிரித்திருப்பார்கள். அந்த இணைப்புகளில் நிதானம் வேண்டும். டிரம்பெட்டரும் அதன் உடன்பிறப்பான ஹாபிபாஸும் ஊற்றுவதில் சுத்தம், வடிவத்தில் மட்டும் ஒருமுறை விசாரித்துவிட்டு வாங்குங்கள். உக்ரைனின் ஐசிஎம், 2022இல் போர் தொடங்கிய பிறகும் கீவ் நகரிலிருந்து புதிய கிட்களை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. குண்டு விழும் ஊரில் டை ஓட்டுகிற தொழிலாளிகளை நினைத்தால் அந்தப் பெட்டியைத் திறக்கும்போது என் கை கொஞ்சம் பதனமாகிவிடும்.

பிறகு, சிறிய அளவில் ஊற்றும் கம்பெனிகள். செக், போலந்து, உக்ரைன் பக்கம் நிறைய. இவர்கள் மலிவான டையில், குறைந்த எண்ணிக்கையில் எடுப்பார்கள். பாகங்களைப் பொருத்த முளையும் குழியும் இருக்காது, பாகத்தைச் சட்டத்தோடு இணைக்கும் கழுத்தான கேட் தடியாக இருக்கும், ஃப்ளாஷ் நிச்சயம். டாமியாவை வைத்து இவர்களை அளப்பது நியாயமில்லை. பெரிய கம்பெனி தொடாத விமானத்தை இவர்கள்தான் கொடுக்கிறார்கள். நம்முடைய அஜீத் போர்விமானத்தை 1/72இல் ஊற்றிக் கொடுத்தது செக் நாட்டு ஸ்பெஷல் ஹாபி. அதற்காகவே அவர்களுடைய இடைவெளிகளைச் சந்தோஷமாகப் புட்டி வைத்து அடைப்பேன். ஆனால் அது நான்காவது ஐந்தாவது கிட்டாக இருக்கட்டும்.

தப்பு நடந்த பிறகு என்ன செய்கிறார்கள் என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா. எனக்கே நடந்த இரண்டு சம்பவம். ஒரு கிட்டில் கண்ணாடிச் சட்டமே இல்லை. போட்டோ எடுத்து மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டு நாளில் பதில், ஐந்து வாரத்தில் அட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டிய சட்டம் திருவொற்றியூர் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. காசு வாங்கவில்லை. இன்னொரு கம்பெனியின் கிட்டில் இடது இறக்கை இரண்டு, வலது இறக்கை இல்லை. நான்கு மடல் அனுப்பினேன். பதிலே இல்லை. அந்த விமானம் இன்னும் பரணில் ஒற்றை இறக்கையோடு கிடக்கிறது. முதல் கம்பெனி மறுபடியும் தப்புச் செய்தாலும் வாங்குவேன். இரண்டாவது கம்பெனி தங்கத்தில் டை வெட்டினாலும் வேண்டாம்.

இந்தியாவில் இருக்கிற நமக்கு இது இரட்டிப்பு முக்கியம். சுங்கத்தில் இந்தக் கிட்கள் பொம்மை வகையில் சேர்கின்றன. பொம்மைகளுக்கான அடிப்படை இறக்குமதி வரி 20 சதவீதமாக இருந்தது, 2020இல் 60 ஆகி, 2023இல் 70 ஆனது. 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு பிஐஎஸ் என்ற இந்தியத் தர முத்திரையும் கட்டாயம். கடைக்காரருக்குச் சரக்கு எடுப்பதே பாடு என்றாகிவிட்டது. வெளிநாட்டில் இருக்கிறவர் கிட் மோசமென்றால் கடையில் திருப்பிக் கொடுத்து வேறு வாங்குவார். நாம் திருப்பி அனுப்பும் செலவில் இன்னொரு கிட் வாங்கிவிடலாம். ஆகையால் வாங்கிய அன்றே பெட்டியைத் திறந்து, வழிகாட்டித் தாளோடு ஒவ்வொரு சட்டத்தையும் சரிபாருங்கள். குறை இருந்தால் அன்றைக்கே போட்டோ. பெட்டியின் பக்கவாட்டில் உள்ள எண், சட்டத்தின் எழுத்து, பாகத்தின் எண் மூன்றையும் எழுதி அனுப்புங்கள். “விமானம் உடைந்திருக்கிறது” என்று மட்டும் எழுதினால் அங்கே உட்கார்ந்திருப்பவரால் ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்த மிக்-21 வாங்குவதாக இருந்தால், எந்த மிக்-21 என்று முதலில் முடிவு செய்யுங்கள். 1963இல் வந்து, 2025 செப்டம்பர் 26இல் சண்டிகரில் விடைபெற்ற வரை நம் விமானப்படையில் அது பல வடிவங்களில் பறந்தது. எஃப்எல் வகைக்கு முதுகு ஒல்லி. எம், எம்எஃப் வகைகளுக்கு முதுகு தடிமன். பிஸ் வகைக்கு இன்னும் தடிமன். கடைசிவரை பறந்த பைசனுக்கு முன்கண்ணாடியே வேறு. எம்எஃப் கிட்டில் நம் நிறத்தை அடித்தால் பைசன் ஆகிவிடாது. 1/72இல் எடுவார்டின் 2018ஆம் வருட எம்எஃப் நான் கட்டியவற்றில் முதலிடம். விலை கூடுதல் என்றால் ரஷ்யாவின் ஸ்வெஸ்டா வெளியிட்ட பிஸ் கிடைக்கிறதா பாருங்கள்.

கையில் இருக்கும் கிட்டைக் கைவிடாதீர்கள். வளைந்த உடல் பாதியைக் கை பொறுக்கும் அளவு வெந்நீரில் ஒரு நிமிடம் வைத்து, எதிர்ப்பக்கமாக லேசாக வளைத்துப் பிடித்து, அப்படியே பச்சைத் தண்ணீரில் காட்டுங்கள். கொதிக்கிற நீர் வேண்டாம், பாகம் சுருண்டுவிடும். ஒட்டும்போது மூக்கிலிருந்து ஆரம்பித்து ஒரு அங்குலம் ஒட்டி, டேப் போட்டு, பசை பிடித்த பிறகு அடுத்த அங்குலம். அவசரப்பட்டு ஒரே மூச்சில் ஒட்டினால் வால் பக்கம் படி விழும். கம்பெனிக்கு எழுதிக் கேட்ட மாற்றுக் கண்ணாடி வந்து சேரும் வரை உடல், இறக்கை வேலையை முடித்துவிடலாம்.

உடலை மூடும் முன் இறக்கையை டேப்பால் சேர்த்து, விமானம் பின்பக்கம் சாய்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சாய்ந்தால் மூக்குக்குள் எடை வேண்டும். காசிமேட்டில் வலைக்குக் கட்டும் ஈயக் குண்டு கிடைக்கும், சின்னதாகப் பார்த்து வாங்குங்கள். தொட்ட பிறகு கை கழுவுங்கள். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: ஈயத்தை ஃபெவிகால் போட்டு ஒட்டாதீர்கள். அந்தப் பசையில் உள்ள அமிலம் ஈயத்தோடு சேர்ந்து வெள்ளைப் பொடியாகப் பூத்து, ஊதிக்கொண்டே போகும். நம் கடற்கரைக் காற்றின் ஈரம் அதற்குத் துணை. நான்கு வருடம் கழித்து என் கண்ணாடி அலமாரியில் நின்ற ஒரு விமானத்தின் மூக்கு அப்படித்தான் தையல் விட்டுப் பிளந்தது. இரண்டு டியூப் எபாக்ஸி கலந்து, குண்டு முழுக்க மூடும்படி ஊற்றி, ஒரு இரவு காய விட்டு, பிறகு உடலை மூடுங்கள்.